ஊர் மணிக்கூடு: ‘வயசு போகுது’ என்ற பேச்சுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

1996 மே மாதம் இலங்கை அரசு நாட்டு நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுத்தது. அப்போது வன்னியைக் கையில் வைத்திருந்த புலிகள் இரண்டையுமே ஏற்கவில்லை. பழைய நேரத்திலேயே இருந்துவிட்டார்கள். 2006 ஏப்ரலில் கொழும்பு பழையபடி திரும்பும்வரை அரசின் கையில் இருந்த வவுனியாவில் எட்டு மணி என்றால் புலிகளின் கையில் இருந்த கிளிநொச்சியில் ஏழரை. 2002இல் ஏ9 வீதி திறந்தபிறகு இரண்டுக்கும் நடுவே இருந்த ஓமந்தைச் சோதனைச்சாவடியால் போய்வந்தவர்களுக்கு இந்த அரை மணித்தியாலம் நல்ல ஞாபகம் இருக்கும். “புது நேரமோ பழைய நேரமோ?” என்று கேட்காமல் ஒருவருக்கு நேரம் குறித்துக் கொடுக்க முடியாது. என் மாமா கைமணிக்கூட்டை மாற்றவே மாட்டார். வவுனியா பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு மனதுக்குள் அரை மணித்தியாலம் கூட்டிப் பார்ப்பார்.

இரண்டு பக்கமும் சூரியன் ஒன்றுதான். ஓமந்தைக்கு அங்காலும் இங்காலும் இருந்த இரண்டு மணிக்கூடுகளும் பிழையாக ஓடவில்லை. இரண்டுமே யாரோ கூடி எடுத்த முடிவின்படி ஓடின, அவ்வளவுதான்.

“வயசு போகுது” என்று யாராவது தொடங்கினால் எனக்கு அந்த அரை மணித்தியாலம்தான் ஞாபகம் வரும். எனக்கு இப்போது 35. கலியாணம் இல்லை. வீடு அத்திவாரத்தோடு நிற்கிறது. இந்த விஷயத்தைப் பற்றி நம்மூரில் இரண்டு விதமாகக் கதைப்பார்கள். ஒரு சாரார், “அவனுக்குப் பொறுப்பில்லை, அதுதான் பிந்துது” என்பார்கள். மற்றச் சாரார் முகநூலில் பூப்படம் போட்டு, “ஊர் என்ன சொன்னால் என்ன, கவலைப்படாதே” என்று எழுதுவார்கள். இரண்டிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. முதலாவது, சூழ்நிலையை ஆளின் குணமாக்குகிறது. இரண்டாவது, வலிக்கிறவனைப் பார்த்து வலியில்லை என்கிறது. இந்த அழுத்தம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அதோடு சீவிப்பது கொஞ்சம் இலகு.

மூன்று மணிக்கூடுகள்

“எல்லாம் காலாகாலத்தில நடக்கவேணும்.” கேட்க ஒரு வசனம். ஆனால் அதற்குள் மூன்று தனித்தனி மணிக்கூடுகள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று உடலின் மணிக்கூடு. பெண்களின் கருவளம் முப்பதுகளில் மெதுவாகக் குறையத் தொடங்கி, 35ஐத் தாண்டியபின் வேகமாகக் குறைகிறது. ஆண்களுக்கும் வயதோடு விந்தின் தரம் குறையும். அதை ஏனோ எந்தப் பெரியம்மாவும் எந்த மருமகனிடமும் சொல்வதில்லை. இந்த மணிக்கூடு மெய்யானது. ஊரைக் கேட்டு ஓடாது.

இரண்டாவது கடதாசி மணிக்கூடு. சட்டமும் சுற்றறிக்கையும் வர்த்தமானியும் போடும் எல்லைகள். பொதுச் சட்டப்படி பதினெட்டுக்கு முன் கலியாணம் எழுத முடியாது. பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரத்தில் மூன்று தடவை எடுத்த பெறுபேறுதான் கணக்கு. அரச வேலை விளம்பரங்களில் வயதெல்லை இருக்கும். இவை மனிதர் போட்டவைதான், ஆனால் எழுதப்பட்டவை, வாசித்துப் பார்க்கலாம். மாறினால் அறிவிப்பார்கள்.

மூன்றாவது ஊர் மணிக்கூடு. 25க்குள் வேலை, 28க்குள் கலியாணம், முப்பதுக்குள் பிள்ளை, அப்புறம் வீடு. இதை யார் எழுதினார்கள்? எங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்?

இரணைமடுக் குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுபோகத்துக்கு முன் கூட்டம் வைப்பார்கள். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, அதை வைத்து எத்தனை ஏக்கர் விதைக்கலாம், தண்ணீர் எப்போது திறப்பது, விதைப்புக்குக் கடைசி நாள் எது என்று பேசி முடிவெடுப்பார்கள். சண்டையும் வரும். ஆனால் அந்தக் கடைசி நாளுக்கு ஒரு காரணம் உண்டு, கேள்வி கேட்க ஒரு ஆளும் உண்டு. “முப்பதுக்குள் கலியாணம்” என்ற முடிவை எடுத்த கூட்டம் எங்கே நடந்தது? அதன் அறிக்கையை நான் இன்னும் காணவில்லை.

இதுவரை: உடல், கடதாசி, ஊர் என்று மூன்று மணிக்கூடுகள். முதல் இரண்டுக்கும் காரணம் காட்டலாம். நம்மை நித்திரை கொள்ளவிடாதது பெரும்பாலும் மூன்றாவது. அது முதலாவதின் குரலில் பேசுவதால்தான் குழம்பிப்போகிறோம்.

இதற்கு ஒரு பெயர் உண்டு

ஊர் மணிக்கூட்டை ஆய்வாளர்கள் ‘சமூக மணிக்கூடு’ என்கிறார்கள். ஒரு சமூகம், வாழ்க்கையின் பெரிய காரியங்கள் எந்த வயதில் நடக்கவேண்டும் என்று தனக்குள் வைத்திருக்கும் எழுதாத அட்டவணை என்று அதற்குப் பொருள் சொல்லலாம். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் இருந்த பெர்னிஸ் நியூகார்ட்டன் என்ற ஆய்வாளரோடு இந்தக் கருத்து சேர்த்துப் பேசப்படுகிறது. அவரும் இரண்டு சக ஆய்வாளர்களும் 1965இல் வெளியிட்ட கட்டுரையில், அமெரிக்க நடுத்தரவர்க்கத்து ஆட்களிடம் எதற்கு எது நல்ல வயது என்று கேட்டிருந்தார்கள். ஒரு பெண் கலியாணம் செய்யச் சிறந்த வயது 19 முதல் 24 வரை என்று ஆண்களில் 85 வீதமும் பெண்களில் 90 வீதமும் சொன்னார்கள். வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அமெரிக்கச் சனமும் நம்ம மாமிமாரும் ஒரே ஆட்கள்தான்.

ஆனால் 1970களின் கடைசியில் இதே கேள்விகளைத் திரும்பக் கேட்டபோது, அந்த வயதை ஒப்புக்கொண்டவர்கள் பாதிக்கும் கீழே போய்விட்டார்கள். அந்த இடைவெளியில் மனித உடல் மாறவில்லை. மாறியது அட்டவணை.

நியூகார்ட்டன் சொன்ன இன்னொன்று நமக்கு முக்கியம். ஒரு காரியம் நேரத்துக்கு வந்தால் அது கஷ்டமானதாக இருந்தாலும் மனம் தாங்கிக்கொள்ளும், நேரந்தப்பி வந்தால்தான் உடைக்கும் என்றார். எழுபது வயதில் கணவனை இழந்த பெண்ணைச் சுற்றி அதே நிலையில் நாலு பேர் இருப்பார்கள்; எப்படி நடந்துகொள்வது என்று ஊருக்கும் தெரியும். இருபத்தைந்தில் இழந்தவளுக்கு அந்த ஆட்களும் இல்லை, ஊருக்குப் பேச வார்த்தையும் இல்லை. வன்னியில் இதற்கு விளக்கம் தேவையில்லை. இங்கே நேரந்தப்பியவை எல்லாம் பிந்தியவை அல்ல. மிக முந்தி வந்தவையும் உண்டு, திரும்பி வந்தவையும் உண்டு: இருபதுகளில் விதவையானவர்கள், அறுபதில் மறுபடி பால்மா கரைத்துப் பேரப்பிள்ளை வளர்த்தவர்கள், பதின்மூன்று வயதில் தம்பி தங்கைக்குத் தகப்பனானவர்கள்.

வன்னியில் இது எத்தனை தரம் மாறியது?

கடைசி யுத்த காலத்தில் இங்கே பதினாறு பதினேழு வயதிலேயே பிள்ளைகளுக்குக் கலியாணம் கட்டிவைத்தார்கள். கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டு அடுத்த கிழமை தாலியோடு வந்து நின்ற வகுப்புப் பிள்ளைகளை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்போது ஊர் மணிக்கூட்டில் பதினேழுதான் ‘காலாகாலம்’. அதே ஊர், அதே பெற்றோர், பத்து வருடம் கழித்து, “இருபத்திமூன்றில என்ன அவசரம், முதல்ல படிச்சு முடிக்கட்டும்” என்றார்கள். இரண்டு தடவையும் உறுதியாகத்தான் சொன்னார்கள்.

2009இல் எனக்கு உயர்தர வயது. அந்த வருடம், யுத்தத்தில் இடம்பெயர்ந்த எங்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமுக்குள்ளேயே பரீட்சை எழுதினவர்கள் இருந்தார்கள். எழுதாமல் விட்டவர்களில் நானும் ஒருவன். முகாம் முழுதாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். ஊருக்குத் திரும்பி, தறப்பாளுக்குக் கீழே இருந்து, கிணறு இறைத்து, காணி துப்பரவாக்கி, அப்புறம் புத்தகத்தைத் தேடினால் வயது இருபத்தியொன்று. என்னைவிடப் பிந்தினவர்களும் இருக்கிறார்கள். யுத்தம் தெரியாத இப்போதைய பிள்ளைகளுக்கும் கணக்கு இடிக்கிறது. 2022ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியில்தான் தொடங்கியது. பெறுபேறு, வெட்டுப்புள்ளி, அனுமதி, நாலு வருடப் பட்டம் என்று கூட்டிப் பாருங்கள். ஒரு நாளும் வீணாக்காத பிள்ளைக்கே வேலை தேடத் தொடங்கும்போது 25 தாண்டிவிடும். ஊர் அட்டவணையோ இன்னும் பழைய நேரத்தில் நிற்கிறது.

இதையும் ஒருவர் ஆராய்ந்திருக்கிறார். கிளென் எல்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், 1930களின் பொருளாதார வீழ்ச்சிக்குள் வளர்ந்த பிள்ளைகளின் வாழ்க்கைப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். ஓக்லண்ட் நகரில் 1920, 21இல் பிறந்தவர்களையும், பக்கத்துப் பெர்க்லியில் 1928, 29இல் பிறந்தவர்களையும் ஒப்பிட்டார். அடித்தது ஒரே வீழ்ச்சி. ஆனால் விபரம் தெரிந்த வயதில் அடிபட்டவர்கள் வேலைக்குப் போய் வீட்டைத் தாங்கினார்கள், பெரும்பாலும் எழும்பியும் விட்டார்கள். சின்ன வயதில் அடிபட்டவர்கள், முக்கியமாக ஆண்பிள்ளைகள், கூடுதலாகப் பாதிக்கப்பட்டார்கள். ஒரே யுத்தம் ஒன்பது வயதுப் பிள்ளையிடம் ஒன்றை எடுக்கும், பத்தொன்பதிடம் வேறொன்றை எடுக்கும், முப்பத்தொன்பதிடம் இன்னொன்றை எடுக்கும். பிறகு மூவரையும் ஒரே அடிமட்டத்தால் அளக்கிறோம்.

“பருவத்தே பயிர் செய்” என்று இதற்குப் பதில் சொல்வார்கள். சரி, பயிரையே பார்ப்போம். கமநல சேவை நிலையத்தில் விதைநெல் எடுக்கப்போனால் முதல் கேள்வி, “எத்தனை மாத நெல்?” இரண்டரை மாத நெல் உண்டு, மூன்று, மூன்றரை, நாலு மாத நெல்லும் உண்டு. மழை பிந்தினால் நல்ல கமக்காரன் தலையில் கைவைத்துக்கொண்டு இருக்கமாட்டான். வயது குறைந்த நெல்லை எடுத்து விதைப்பான். பருவம் என்பது கலண்டர்த் தேதி இல்லை. தண்ணீரும் நிலமும் விதையும் சேருகிற நேரம். அந்த ஆத்திசூடி வரியைச் சொல்லி வெருட்டுகிறவர்கள் வயலுக்கு இறங்கி நாளாகியிருக்கும்.

சுருக்கமாக: அட்டவணை காலத்தோடு மாறுகிறது, இடத்தோடு மாறுகிறது, நம் கண்முன்னேயே மாறியும் இருக்கிறது. ஆனால் அது எப்போதும் நிலையானது போலவே முகத்தை வைத்துக்கொண்டிருக்கும்.

வலி எங்கே பிடிக்கிறது?

1954இல் லியோன் பெஸ்ரிங்கர் என்ற உளவியலாளர் ‘சமூக ஒப்பீடு’ என்ற கருத்தை முன்வைத்தார். நாம் எப்படி இருக்கிறோம் என்று அளக்க அடிமட்டம் இல்லாத இடத்தில் மனிதர் மற்ற மனிதரை அடிமட்டமாக்குகிறார்கள். அதுவும் தங்களைப் போன்றவர்களையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்றார். கொழும்பில் யாரோ மாடி கட்டினால் எனக்கு ஒன்றுமில்லை. என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன் குடிபுகுதல் படத்தை வட்சப்பில் போட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. பொறாமைக்காரன் என்று என்னை நானே திட்டிக்கொண்ட நாட்கள் உண்டு. அது குணக்கேடு இல்லை, மனம் வழக்கமாக அளக்கும் முறை என்று தெரிந்தபிறகு திட்டுவதையாவது நிறுத்தினேன்.

நம்மூரில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது: வரிசை. வீட்டில் குமர்ப்பிள்ளைகள் இருக்கும்போது அண்ணன் கட்டக்கூடாது. எனக்கு இரண்டு தங்கைகள். மூத்தவளைக் கரைசேர்க்கச் சீதனம் சேர்க்கவேணும், அதற்குள் இளையவளுக்கு 27. என் வீட்டு அத்திவாரத்துக்கு வாங்கிய கம்பி இரண்டு கலியாணத்துக்கு முன் விற்கப்பட்டது. நான் குறை சொல்லவில்லை, அந்த இரண்டு கலியாணத்திலும் பந்தல் கட்டினதே நான்தான். எல்டர் இதை ‘பிணைந்த வாழ்வுகள்’ என்கிறார்: ஒருவரின் மணிக்கூட்டை இன்னொருவரின் மணிக்கூடு பிடித்து வைத்திருக்கும். கடைசியில் நான் மட்டும் தனியாகப் பிந்தியவனாகத் தெரிகிறேன். பிந்தியது முழு வீடும்.

‘சனம்’ என்றால் யார்?

நியூகார்ட்டனின் 1965 கட்டுரையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். வயதுக்குப் பொருந்தாத சில நடத்தைகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி கேட்டார்கள். உங்கள் சொந்த அபிப்பிராயம் என்ன? பெரும்பாலான ஆட்கள் இதைப் பற்றி என்ன நினைப்பார்கள்? பதில்களில் ஒரு இடைவெளி தெரிந்தது. தாங்கள் அவ்வளவு கண்டிப்பு இல்லை, மற்றவர்கள்தான் கண்டிப்பானவர்கள் என்று சனம் சொன்னது.

எல்லோரும் இப்படிச் சொன்னால் அந்தக் கண்டிப்பான மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

இதைக் ‘கூட்டு அறியாமை’ என்று சொல்லலாம்: ஒரு வழக்கத்தைத் தான் அவ்வளவாக நம்பாதபோதும், மற்ற எல்லோரும் நம்புகிறார்கள் என்று எண்ணி ஒவ்வொருவரும் அதைக் காப்பாற்றுவது. வன்னியில் இதற்கு ஒரு வசனம் தயாராக இருக்கிறது: “எனக்கு ஒண்டுமில்லை, சனம் கதைக்குது.” அம்மா இதைத்தான் சொல்வார், மாமி சொல்வார், சந்திக் கடையில் தேத்தண்ணி குடிப்பவரும் சொல்வார். ஆளாளுக்குப் பக்கத்து வீட்டைக் கைகாட்டுவார்கள். ஊர் மணிக்கூட்டுக்கு ஓனர் இல்லை.

அதற்காக அது பொய்யென்று ஆகாது. எல்லோரும் நம்புவதாக எல்லோரும் நம்பினால் பேச்சு உண்மையிலேயே நடக்கும், சம்பந்தம் உண்மையிலேயே தட்டுப்படும்.

அப்ப என்ன செய்யிறது?

அழுத்தம் வரும்போது முதலில் எந்த மணிக்கூடு அடிக்கிறது என்று பிரியுங்கள். உடல் மணிக்கூடென்றால் அதை மாமியோடு கதைத்துப் பயனில்லை, டொக்டரிடம் போங்கள். கடதாசி மணிக்கூடென்றால் வர்த்தமானியை நீங்களே எடுத்து வாசியுங்கள்; சந்தியில் சொல்லும் வயதெல்லையை நம்பி விண்ணப்பிக்காமல் விட்ட ஒருவரை எனக்குத் தெரியும். இரண்டும் இல்லையென்றால் மிச்சம் ஊர் மணிக்கூடு. அதற்கு அவசரமாக ஓடவேண்டியதில்லை.

கேட்பவர்களுக்கு ஒரு சின்னப் பதில் கையில் இருக்கட்டும். நான், “நடக்கும்போது உங்களுக்குச் சொல்லாமலோ?” என்று சொல்லிவிட்டு அவர்களின் வயலைப் பற்றிக் கேட்பேன். விளக்கம் சொல்லத் தொடங்கினால் அது விசாரணையாகிவிடும்.

அம்மா அப்பா வேறு. அவர்களிடம் சின்னப் பதில் எடுபடாது, சொல்லவும் கூடாது. மாதாந்த ஓய்வூதியம் இல்லாத வீட்டில் பிள்ளையின் குடும்பம்தான் முதுமைக்கு இருக்கிற ஒரே காப்பு. அதோடு இங்கே பல பெற்றோர் பிள்ளைகளைப் புதைத்தவர்கள், இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள். “நான் கண்ணை மூடுறதுக்குள்ள” என்று அம்மா தொடங்கினால் அது ஊர் மணிக்கூடு இல்லை, பயம். ஒரு நாள் பின்னேரம் கிணற்றடியில் இருந்து, “எதுக்கு அம்மா பயப்படுறீங்கள்?” என்று கேட்டேன். கலியாணத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தனக்கு வருத்தம் வந்தால் இரவில் யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என்பதுதான் முழுக்கதையும். அதற்கு வழி இருக்கிறது, செய்தும் வைத்திருக்கிறேன்.

நித்திரை போய், சாப்பாடு போய், இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வரத் தொடங்கினால் இந்தக் கட்டுரை போதாது. மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். அங்கே போவது விசருக்கு என்று சொல்பவர்களும் அதே ஊர் மணிக்கூட்டின் ஆட்கள்தான்.

கடைசியாக, “ஆர் கேட்டது?” என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். சண்டைக்கு இல்லை, உண்மையாகவே அறிய. போன வைகாசியில் இளைய தங்கையின் பொன்னுருக்கலுக்கு முதல்நாள் வீட்டில் பலகாரம் சுட்டார்கள். பெரியம்மா பாயில் இருந்து பயற்றம் பணியாரத்துக்கு மா உருட்டிக்கொண்டிருந்தார். உள்ளங்கை முழுக்கச் சர்க்கரைப்பாணி. நான் விறகு கொண்டுபோனேன்.

“இனி உன்ர அலுவலைப் பாக்கவேணும் மோனை” என்றார். “எனக்கென்ன, நீ கட்டினா என்ன கட்டாட்டி என்ன. சனம் கேக்குது, அதுதான்.”

“ஆர் பெரியம்மா கேட்டது?”

அவர் உருட்டுவதை நிறுத்தி, மா ஒட்டின விரலை மடக்கி எண்ணினார். “சந்திக் கடைக்கார அண்ணை கேட்டவர்.”

“அவர் மாசியில செத்திட்டார்.”

“கனடா மாமி. அவ கோல் எடுத்தாக் கேப்பா.” இரண்டாவது விரல் மடங்கியது. மூன்றாவதில் கொஞ்சம் யோசித்தார். “மற்றது... உன்ர அம்மாதான்.”

எண்ணெய்ச்சட்டிக்கு அங்கால் இருந்த அம்மா தலையை நிமிர்த்தினார். “நானோ? நீங்கள்தானே அக்கா ஒவ்வொரு முறையும் கேக்கிறனீங்கள்.”

பெரியம்மா மூன்று விரலையும் ஒருக்கால் பார்த்தார். அப்புறம், “சரி, அந்த மாக் கோப்பையை இஞ்சால தள்ளு” என்றார்.